எந்தப் பக்கத்தால் சொந்தம்

கவுன்சில் கடிதம் வந்த நாளிலிருந்து நிர்மலனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அதற்கு முன்னர் அவன் ஓரிடத்தில் ஆடாமல் அசையாமல் இருந்தவன் என்று சொன்னால் அது பச்சைப் பொய். சாப்பிடும்போது கால் ஆடும். தொலைபேசியில் கதைக்கத் தொடங்கினால் வீடு முழுக்க நடந்து தீர்ப்பான். தேத்தண்ணீரை ஆறவிடாமல் குடித்து நாக்கைச் சுட்டுக்கொள்வான். ஆனால் அந்த சனவரியில் அது முற்றிவிட்டது. தகப்பனின் வியாபார வானில் லண்டன் சவுத்தால் கடைக்கு ஏற்றிய மீன் பெட்டிகளை ஸ்ட்ரெதம் கடையில் இறக்கினான். ஸ்ட்ரெதம் கடைக்காரர் கேட்ட முருங்கைக்காயை சவுத்தாலில் கொடுத்துவிட்டு வந்தான். இரண்டு கடைக்காரர்களும் தகப்பனுக்குப் போன் எடுத்து, பெடியனுக்குக் கெதியாக ஒரு கலியாணத்தைக் கட்டி வையுங்கோ என்று புத்தி சொன்னார்கள்.

அந்த இடத்தில்தான் முள்ளு இருந்தது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

தகப்பன் கிருஷ்ணராசா மீனும் மரக்கறியும் மொத்தமாக எடுத்துத் தமிழ்க் கடைகளுக்குப் போடுகிறவர். ஜெர்மனியில் பதினேழு வருசம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்த மனிதர். பிள்ளையின் படிப்புக்காக வந்தோம் என்று ஊருக்குச் சொல்லுவார். உண்மையில் அவர் ஓடி வந்தது கடதாசிக்குப் பயந்து. ஜெர்மனியில் குப்பை வாளிக்கும் ஒரு கடதாசி, அந்தக் கடதாசிக்கு இன்னொரு கடதாசி. லண்டனில் மனிதன் மூச்சு விடலாம் என்று நம்பி வந்தவர் ஃபாரஸ்ட் கேட் பகுதியில் ஒரு பழைய வீட்டை வாங்கி வாடகைக்கு விட்டார். இப்போது லண்டனும் கடதாசி கேட்டது.

கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான். போன ஒக்டோபரிலிருந்து எந்த வீட்டை வாடகைக்கு விட்டாலும் விற்றாலும் அதற்கு எரிசக்திச் சான்றிதழ் இருக்க வேண்டும். வீடு சூட்டைப் பிடித்து வைக்கிறதா, காற்றில் விடுகிறதா என்று ஒருவர் வந்து பார்த்து, ஏ முதல் ஜி வரை தரம் போட்டுக் கொடுக்கிற சான்றிதழ். உங்களுடைய வீடு வாடகைக்கு என்று கடை விளம்பரப் பலகையில் அறிவித்தல் போட்டிருக்கிறீர்கள். சான்றிதழை ஏழு நாளுக்குள் காட்டவும்.

"கடைப் பலகையில நாங்கள் தமிழில எல்லோ எழுதிப் போட்டனாங்கள்? வெள்ளைக்காரனுக்கு அது எப்பிடித் தெரியும்?" என்றார் கிருஷ்ணராசா. அறிவித்தலை எழுதியவன் நிர்மலன். தமிழ்க் குடும்பம் விரும்பத்தக்கது என்று அடியில் கோடும் போட்டிருந்தான். வீடு நவம்பரிலேயே போய்விட்டது. ஆனால் கடைப் பலகையில் ஒட்டியதைத் திரும்பப் போய்க் கழற்றிய தமிழனை நீங்கள் எங்காவது கண்டிருக்கிறீர்களா?

"ஒரு ஆளைக் கூப்பிட்டு சேர்ட்டிபிக்கட் எடுத்தாச் சரிதானே, அப்பா" என்றான் நிர்மலன்.

"வீடு குளிருது எண்டு சொல்ல எனக்கு ஒரு ஆளோ? அதைக் குளிர் சொல்லும். இப்ப எடுத்தா இப்பத்தைய திகதி போடுவான். நவம்பரில இல்லாமல் விட்டனீங்கள் எண்டு அவங்களே பிடிச்சுக் குடுப்பாங்கள்." மனிதர் கடதாசியை வெறுத்தாலும் கடதாசியின் குணம் அவருக்கு நன்றாகத் தெரியும்.

அப்புறம் அவருக்கு ஒரு யோசனை உதித்தது. வாடகைக்கு விட்டால்தானே சான்றிதழ்? ஆள் கிடைக்கவில்லை, சொந்தக்காரரைச் சும்மா இருத்தி வைத்திருக்கிறோம் என்று சொன்னால் கதை முடிந்தது. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். கவுன்சில் கொடுத்ததோ ஏழு நாள். அதற்குள் நின்றுபிடிக்கும் என்று கணக்குப் போட்டார் போலும். நிர்மலனைக் கொண்டு போன் எடுப்பித்து அப்படியே சொல்லவும் வைத்தார். மறுமுனையில் இருந்தவர், நல்லது, எங்கள் அலுவலர் ஒருவர் வந்து பார்ப்பார் என்று சொல்லி வைத்துவிட்டார்.

இங்கேதான் நிர்மலனுக்குச் சிக்கல். அந்த வீட்டில் இருந்தது யோகமலரும் அவளுடைய மகள் கோசிகாவும். பாரிசில் புருஷன் மாரடைப்பில் போனபிறகு, லண்டனில் தமிழ்ச்சனம் அதிகம் என்று தாயும் மகளும் வந்து சேர்ந்தார்கள். கோசிகா பார்மசி ஒன்றில் வேலை செய்தபடி கணக்கியல் படித்தாள். மருந்துப் பெட்டியில் ஒட்டுகிற சீட்டைப்போல அளந்து கதைப்பாள். வந்த முதல் வாரமே ரேடியேட்டர் சுடவில்லை என்று போன் எடுத்தாள். நிர்மலன் போய் அதில் அடைத்திருந்த காற்றைத் திறந்துவிட்டான். அடுத்த வாரம் கதவடியால் காற்று வருகிறது என்றாள். காற்றை மறிக்கிற ரப்பர்ப் பட்டி வாங்கிப்போய் ஒட்டினான். அதற்கடுத்த வாரம் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அவனே எண்ணெய் ஹீட்டர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய் நின்றான்.

முன்னறையின் பெரிய யன்னலடியில் கோட்டைப் போட்டபடியே இருந்து அவள் படிப்பாள். அவன் ஏதாவது ஒரு திருகாணியைத் திருகிக்கொண்டு நிற்பான். யோகமலர் தேத்தண்ணீர் கொண்டுவருவாள். இவ்வளவுதான் நடந்தது. ஆனால் ஒன்றை அவன் கவனித்து மனதில் பூட்டி வைத்திருந்தான். அவள் அவனை அண்ணா என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை. லண்டனில் தமிழ்ப் பிள்ளைகள் பஸ்காரனைத் தவிர எல்லோரையும் அண்ணா என்கிறவர்கள். கோசிகா மீன்கடைப் பெடியனை அண்ணா என்றாள், பார்மசிக்கு மருந்து கொண்டுவருகிற குஜராத்திக்காரனைக்கூட அண்ணா என்றாள். நிர்மலனிடம் மட்டும், "இஞ்ச பாருங்கோ," "நீங்கள் சொல்லுங்கோ." அவ்வளவுதான். பேரும் இல்லை, முறையும் இல்லை. அந்த வெற்றிடத்தை அவள் தனக்காகத்தான் வைத்திருக்கிறாள் என்று அவன் நம்பினான். நம்பினது பிழையும் இல்லை.

தாயிடம் சொல்ல வேண்டும் என்று மார்கழி முழுக்க நினைத்தான். நினைத்து நினைத்து நடந்தான். சிவனேஸ்வரி லேசுப்பட்ட மனுசி அல்ல. மகன் கிழமைக்கொருக்கால் வாடகை வீட்டுக்கு ஹீட்டர் பார்க்கப் போகிறவன், சொந்த வீட்டில் பல்ப் எரியாவிட்டால் திரும்பியும் பார்க்காதவன். அதன் அர்த்தம் தெரியாதவளா? சீதனம் சீர் கிடக்கட்டும், தகப்பனில்லாத பெட்டை, அதுவும் எங்கள் வீட்டில் வாடகைக்கு இருக்கிறவள் என்று அவளுக்கு ஒரு முறைப்பு. ஆனால் வாய் திறக்கவில்லை. வாய் திறந்தால் மகனும் வாய் திறப்பான் என்று அவளுக்குத் தெரியும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தாய், தகப்பன், மகன் மூன்று பேரும் வடைப் பார்சலோடு ஃபாரஸ்ட் கேட்டுக்குப் போனார்கள். வீட்டுக்காரர் வடையோடு வந்தால் வாடகைக்காரருக்கு நெஞ்சு பதறும். யோகமலருக்கு அந்த நாட்களில் பதற வேறு காரணமும் இருந்தது. அவளுடைய தமையன் குடும்பத்தோடு வன்னிப் போருக்குள் அகப்பட்டிருந்தார். டெலிபோனை மடியிலேயே வைத்திருந்தாள். அந்த மாதங்களில் லண்டனில் எந்தத் தமிழ் வீட்டிலும் ஒருவரும் ஒழுங்காக நித்திரை கொள்ளவில்லை.

கிருஷ்ணராசா விசயத்தைச் சொன்னார். "ஒண்டும் பெரிசில்லை. கவுன்சில் ஆள் வந்து கேட்டா, நாங்கள் சொந்தக்காரர், சும்மாதான் இருக்கிறம் எண்டு சொன்னாச் சரி. கோசிகா என்ர தங்கச்சியின்ர மகள் எண்டு வைப்பம்."

நிர்மலனின் கால் ஆடுவது நின்றது. தங்கச்சியின் மகள் என்றால் தனக்கு மச்சாள். கட்டிக்கொள்கிற முறை. பொய்யென்றாலும் எவ்வளவு வடிவான பொய்! தகப்பனைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருந்தது.

"தங்கச்சி ஏன்?" என்றாள் சிவனேஸ்வரி, வடையைத் தட்டில் அடுக்கியபடி. "தம்பியின்ர மகள் எண்டு சொல்லுங்கோ. லைட் பில்லில பிள்ளையின்ர பேர் கோசிகா நவரத்தினம். எங்கட வீட்டுக் கடதாசியில உங்கட பேர் கிருஷ்ணராசா நவரத்தினம். வெள்ளைக்காரனுக்கு ரெண்டையும் பக்கத்தில வைச்சாப் போதும். ஒரே குடும்பம் எண்டு அவனே சொல்லுவான்."

"அட, நான் அதை யோசிக்கேல்லையே!" என்று கிருஷ்ணராசா தொடையில் தட்டினார்.

அவருடைய தகப்பனுக்கும் நவரத்தினம் என்று பேர். செத்துப்போன யோகமலரின் புருஷனுக்கும் நவரத்தினம் என்று பேர். யாழ்ப்பாணத்தில் கல்லெடுத்து எறிந்தால் ஒரு நவரத்தினத்தின் தலையில்தான் விழும். அது சும்மா ஒரு பொருத்தம். ஆனால் சிவனேஸ்வரி அதைச் சொல்லும்போது தட்டைப் பார்க்கவில்லை, மகனைப் பார்த்தாள். தம்பியின் மகள் என்றால் மகனுக்குச் சகோதரி. ஒரு வார்த்தையில் வேலி கட்டி முடித்துவிட்டாள். தாய்மாருக்குக் கவுன்சில்கூட வேலை செய்து கொடுக்கும் போலிருக்கிறது.

யோகமலர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். "நீங்கள் சொல்றமாதிரியே சொல்றம் அண்ணை. எங்களுக்கு இருக்க ஒரு இடம் இருந்தாச் சரி."

கோசிகா, அவர்கள் வெளிக்கிடும்போது கதவடியில் நிர்மலனை மட்டும் நிறுத்தினாள். "நீங்களும் இதைத்தான் சொல்லப் போறியளோ?"

"அப்பா சொல்லுவார்... என்னட்டக் கேக்க மாட்டாங்கள்."

"கேட்டா?"

அவன் வான் திறப்புக்கொத்தைக் கையில் சுழற்றினான்.

"நீங்கள் என்ன சொல்லுவியள் எண்டு தெரிஞ்சுகொள்ளத்தான் கேட்டனான்" என்றாள். "இப்ப சொல்ல வேண்டாம். அண்டைக்குச் சொல்லுங்கோ." கதவைச் சாத்திவிட்டாள்.

இதற்குமேல் ஒரு பெட்டை எப்படிக் கேட்பாள்? நிர்மலனுக்கு விளங்கியது. விளங்கினதால்தான் முருங்கைக்காய் சவுத்தாலுக்குப் போனது. சொன்னால் தகப்பனுக்கு அபராதமும் மானக்கேடும், தாயோடு சண்டை. சொல்லாவிட்டால் அவள் கைவிட்டுப் போய்விடுவாள். ஓட்டுகிற நேரமெல்லாம் இரண்டையும் மாறி மாறி உரத்துச் சொல்லிப் பார்த்தான். சிவப்பு விளக்கில் பக்கத்து வாகனக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பெப்ரவரி தொடக்கத்தில் பனி கொட்டி லண்டன் முழுக்க பஸ் நின்றது. அலுவலர் வருகிற நாளும் தள்ளிப்போனது. நிர்மலனுக்குச் சந்தோசமும் இல்லை, ஆறுதலும் இல்லை. தூக்குக் கயிற்றை நாளைக்கு மாற்றி வைத்தால் யாருக்கு நித்திரை வரும்? பனி கரைந்து தெருவெல்லாம் கறுப்புச் சேறானபிறகு ஒரு வியாழக்கிழமை பின்னேரம் கவுன்சில் ஆள் வந்தது.

வெள்ளைக்காரனை எதிர்பார்த்திருந்த வீட்டில் மண்ணிறக் கோட்டும் கழுத்தில் அட்டையுமாக ஒரு மண்ணிறப் பெண் வந்து நின்றாள். வயது முப்பது இருக்கும். சுத்தமான ஆங்கிலத்தில் கதைத்தாள். "இந்தியாக்காரி. வடக்கத்திப் பெட்டை போல" என்று சிவனேஸ்வரி புருஷனின் காதுக்குள் சொன்னாள். காதுக்குள் என்றால் அறை முழுக்கக் கேட்கிற காதுக்குள். வந்தவள் பையைத் திறந்து பேனையை எடுத்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

எல்லோரும் முன்னறையில் இருந்தார்கள். வீடு தன்பாட்டில் குளிரை வாங்கி உள்ளே விட்டுக்கொண்டிருந்தது. அவள் கேட்டதை நிர்மலன் தகப்பனுக்குத் தமிழில் சொன்னான், தகப்பன் தமிழில் சொன்னதை ஆங்கிலத்தில் திருப்பிச் சொன்னான். ஆள் கிடைக்கவில்லை. வாடகை இல்லை. இவர்கள் குடும்பம். தகப்பனின் தம்பியின் மகள். கடைசி வசனத்தை ஆங்கிலத்தில் சொல்லும்போது கசின் என்ற ஒற்றைச் சொல் வாய்க்குள் வந்து விழுந்தது. ஆங்கிலம் எவ்வளவு நல்ல பாசை என்று அந்தக் கணத்தில் நினைத்தான். மச்சாளும் கசின், சித்தப்பாவின் மகளும் கசின். யாருக்கும் நோகாது. இப்படியே தப்பிவிடலாம் என்று மூச்சை விட்டான். கோசிகாவை ஓரக்கண்ணால் பார்த்தான். அவள் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிவனேஸ்வரி தயாராக வைத்திருந்த இரண்டு கடதாசிகளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். லைட் பில், வீட்டுக் கடதாசி. நவரத்தினம், நவரத்தினம்.

வந்தவள் இரண்டையும் பார்த்தாள். பேனையை மூடினாள்.

"எந்தப் பக்கத்தால சொந்தம் எண்டு சொன்னீங்கள்?" என்று கேட்டாள், தமிழில்.

சிவனேஸ்வரியின் கை வாய்க்குப் போனது. கிருஷ்ணராசா கதிரையில் நிமிர்ந்தார்.

"நான் அஜித்தா. மன்னார். கடைப் பலகையை வாசிச்சது நான்தான், அங்கிள். எங்கட ஒபீசில வேற ஒருத்தருக்கும் தமிழ் தெரியாது." குரலில் கோபமும் இல்லை, குத்தலும் இல்லை. பல் வைத்தியர் வாயைத் திறக்கச் சொல்வதுபோல் இருந்தது. "தம்பியின்ர மகளோ?"

"ஓம் பிள்ளை. தம்பியின்ர மகள்தான். பேரைப் பாருங்கோவன்."

"அதைத்தான் பாக்கிறன்." நிர்மலன் பக்கம் திரும்பினாள். "உங்கட முழுப்பேர் என்ன?"

"நிர்மலன்... நிர்மலன் கிருஷ்ணராசா."

"சரி. அப்பாவின்ர பேர் பின்னால வருது. எனக்கும் அப்பிடித்தான். செபமாலைமுத்து எண்டு. ஒபீசில ஒருத்தருக்கும் வாய்க்குள்ள நுழையாது." கொஞ்சம் சிரித்தாள். "அங்கிளுக்குப் பின்னால அங்கிளின்ர அப்பா, நவரத்தினம். அப்ப அங்கிளின்ர தம்பியின்ர மகளுக்குப் பின்னால அந்தத் தம்பியின்ர பேரெல்லோ வர வேணும்? இதில அங்கிளின்ர அப்பாவின்ர பேர் வந்திருக்கு. இந்தக் கடதாசியளின்படி கோசிகா அங்கிளின்ர கூடப்பிறந்த தங்கச்சி. நிர்மலனுக்கு மாமி."

யோகமலருக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. அந்த நாட்களில் சிரிக்க மறந்திருந்த மனுசி, சீலைத் தலைப்பை வாயில் வைத்து அடக்கினாள். வெள்ளைக்காரனுக்கு முன்னால் பாறைபோல் நின்றிருக்கும் பொய் ஒரு மன்னார்ப் பெட்டைக்கு முன்னால் பொலபொலவென்று உதிர்ந்துவிட்டது. இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், தகப்பன் முதலில் நினைத்தபடி தங்கச்சியின் மகள் என்று சொல்லியிருந்தால் ஒருவராலும் பிடித்திருக்க முடியாது. தங்கச்சியின் புருஷனுக்கு என்ன பேரும் இருக்கலாம். நவரத்தினம் என்றும் இருக்கலாம். மகனுக்கு வேலி கட்டப்போன இடத்தில் சிவனேஸ்வரி சொந்தக் கூரையையே பிரித்துவிட்டாள்.

கிருஷ்ணராசாவுக்கும் அது அந்த நேரம்தான் உறைத்தது. "தம்பியில்லைப் பிள்ளை! எனக்கு வாய் தடுமாறிப் போச்சு. தங்கச்சி! தங்கச்சியின்ர மகள்!"

"இஞ்சாருங்கோ!" என்று சிவனேஸ்வரி பல்லைக் கடித்தாள்.

"அங்கிள் இப்ப ரெண்டு சொந்தம் சொல்லிட்டியள்" என்றாள் அஜித்தா. "அன்ரி ஒண்டும் சொல்லாமல் முறைக்கிறா. என்னால இதில ஒண்டைத்தான் எழுத ஏலும்." மறுபடியும் பேனையைத் திறந்தாள். "நிர்மலன், நீங்கள் சொல்லுங்கோ. இவ உங்களுக்கு என்ன முறை?"

எந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள் என்று அவன் நம்பியிருந்தானோ அது நேரே வந்து மடியில் விழுந்தது. கோசிகா தலையை நிமிர்த்தி அவனைப் பார்த்தாள்.

நினைத்துப் பாருங்கள், அவனுக்கு முன்னால் மூன்று வழி திறந்து கிடந்தது. வாடகைக்கு இருக்கிறார்கள் என்று உண்மையைச் சொல்லியிருக்கலாம். அந்தத் துணிச்சல் இல்லையென்றால், மச்சாள் என்று பொய்யாவது சொல்லியிருக்கலாம். தகப்பன் சொன்ன இரண்டாவது கதைக்கும் அது பொருந்தும், நெஞ்சில் கிடந்ததும் வெளியே வந்திருக்கும். பொய் சொல்லியே ஒரு பெட்டையிடம் உண்மையைச் சொல்கிற வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கும்? அவன் தாயைப் பார்த்தான். தாயின் கண் இருந்த இருப்பைப் பார்த்தான். கால் நிலத்தில் தட்டத் தொடங்கியது.

"தங்கச்சி" என்றான்.

மடையன்! வேறென்ன சொல்ல?

கோசிகா அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தபடி இருந்தாள். கோபப்பட்ட முகம் இல்லை அது. கணக்கைக் கூட்டி விடை கண்டுவிட்ட முகம். பிறகு அஜித்தாவின் பக்கம் திரும்பினாள்.

"இல்லை அக்கா. நாங்கள் நவம்பரில இருந்து இஞ்ச வாடகைக்கு இருக்கிறம். மாதாமாதம் காசு குடுக்கிறம். இவர் எனக்கு ஒரு முறையும் இல்லை. ஒண்டும் இல்லை."

"பிள்ளை!" என்று யோகமலர் பதறினாள்.

"இருக்கட்டும் அம்மா. இந்தக் குளிரில இருக்கிறதுக்குப் பொய் வேற சொல்லோணுமோ?"

அஜித்தா எழுதினாள். எழுதி முடித்து, அபராத அறிவித்தல் தபாலில் வரும், சான்றிதழை எடுத்து ஒரு பிரதியை இவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று கிருஷ்ணராசாவுக்குத் தமிழில் விளங்கப்படுத்தினாள். போகும்போது யோகமலர் கொடுத்த தேத்தண்ணீரை வேண்டாம் என்று மறுத்துவிட்டு, கதவடியில் ஒட்டியிருந்த பட்டியைக் குனிந்து பார்த்தாள். "ஆரோ வடிவா ஒட்டியிருக்கினம்" என்றாள். நிர்மலனுக்கு நிலம் பிளந்தால் நல்லது என்று இருந்தது.

தங்களை வீட்டை விட்டு எழுப்பிவிடுவார்கள் என்றுதான் யோகமலர் பயந்தாள். பெட்டிகளைக்கூட எடுத்து வைத்தாள். ஆனால் கிருஷ்ணராசா அப்படிப்பட்டவர் இல்லை. அன்று வீட்டுக்கு வந்து வான் நின்றதும் சொன்னார்: "அந்தப் பெட்டைக்கு முதுகெலும்பு இருக்கு. எங்கட வீட்டில ஒருத்தருக்கும் இல்லை." யாரைச் சொன்னார் என்று நிர்மலன் கேட்கவில்லை.

சான்றிதழுக்கு ஆள் வந்தார். டோர்ச் அடித்து மேற்கூரைக்குள் தலையை விட்டுப் பார்த்தார், பொய்லரைப் பார்த்தார், யன்னலைத் தட்டிப் பார்த்தார். எஃப் என்று தரம் போட்டார். கூரைக்குள் சூட்டைப் பிடித்து வைக்க ஒரு பஞ்சுகூட இல்லை, வீட்டை அல்ல, வானத்தைத்தான் இவ்வளவு நாளும் சூடாக்கியிருக்கிறீர்கள் என்றார். கிருஷ்ணராசாவுக்குச் சுருக்கென்றது. வீணாக எரிகிற காசு அவருக்கு ஜெர்மன் கடதாசியைவிடப் பெரிய பகை. பஞ்சுச் சுருள்கள் வாங்கி இறக்கினார்.

விரித்தது நிர்மலன். கோசிகா வேலைக்குப் போகிற நேரம் பார்த்துப் போவான். கூரைக்குள் முழங்காலில் தவழ்ந்து சுருளை உருட்டி விரிப்பான். மூக்கிலும் கழுத்திலும் கடிக்கும். இரவெல்லாம் சொறிவான். யன்னல் விளிம்புகளை அடைத்தான், தண்ணீர்த் தாங்கிக்கு உறை கட்டினான். ஒருவரும் கேட்காத வேலைகளையும் தேடித் தேடிச் செய்தான். வாயால் சொல்ல முடியாததைக் கையால் சொல்லிவிடலாம் என்று நினைத்தானோ என்னவோ. பின்னேரம் அவள் வருவதற்கு முன் இறங்கிப் போய்விடுவான். எதிரில் அகப்படுகிற துணிச்சலும் இல்லை, போகாமல் இருக்கிற பொறுமையும் இல்லை.

மார்ச்சில் ஒருநாள் சிவனேஸ்வரி மகனுக்குச் சோறு போட்டுக்கொண்டே பேச்சை எடுத்தாள். மகன் மெலிந்துவிட்டான். ராத்திரிகளில் மேல் மாடியில் அவன் நடக்கிற சத்தம் கேட்டுக் கேட்டு அவளுக்கும் நித்திரை போய்விட்டது. அதைவிட, அந்த வியாழக்கிழமை அவளுக்குள் ஏதோ செய்திருந்தது.

"அந்தப் பிள்ளை கோசிகா... அப்பாவோட கதைச்சனான்" என்றாள், குழம்பை ஊற்றியபடி. "பொய் சொல்லத் தெரியாத பிள்ளை ஒண்டு எங்கட வீட்டுக்கும் வேணும்தான். போய் யோகமலரைக் கேட்டுப் பாப்பமோ?"

நிர்மலன் சோற்றுக் கையோடு எழுந்து நின்றான். தாய் தானாகவே சொல்கிறாள்! எந்த வேலியை அவள் ஒரு சொல்லில் கட்டினாளோ அதை அவளே பிரித்துவிட்டாள். மார்கழி முழுக்க நடந்தும் திறக்காத கதவு ஒரு கரண்டிக் குழம்போடு திறந்துவிட்டது.

"நான் முதல்ல ஒருக்கா அவவோட கதைச்சிட்டு வாறன்" என்றான்.

கையைக் கழுவினானோ இல்லையோ, வானை எடுத்தான். வழியில் எல்லா விளக்கும் அவனுக்குப் பச்சையாக விழுந்தது. என்ன சொல்வது என்று உரத்துச் சொல்லிப் பார்த்தான். அன்றைக்குப் பிழை விட்டுவிட்டேன் என்று சொல்ல வேண்டும். பயந்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும். இப்போது கேளுங்கள், இப்போது சொல்லுகிறேன் என்று சொல்ல வேண்டும். கடைத்தெருவில் நின்று கொஞ்சம் பழம் வாங்கினான். வெறுங்கையோடு போகக் கூடாது. பழக்கடைக்குப் பக்கத்துத் தமிழ்க் கடையில் அவன் எழுதிய அறிவித்தல் இன்னமும் பலகையில் இருந்தது. முதன்முறையாக அதைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்தான்.

ஃபாரஸ்ட் கேட்டில் பின்னேரக் காற்று காதைக் கடித்தது. மணியை அடித்துவிட்டு, கால் மாற்றிக் கால் மாற்றி நின்றான். கதவு திறந்தது. கோசிகா நின்றாள். அவள் கோட்டுப் போட்டிருக்கவில்லை. மெல்லிய சட்டையோடு, கையில் படிக்கிற புத்தகத்தோடு நின்றாள். உள்ளேயிருந்து வந்த சூடு அவன் முகத்தில் பட்டது. தன் கையால் விரித்த பஞ்சின் சூடு. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"கோசிகா, நான்..."

அவள் சிரித்தாள். நல்ல சிரிப்பு, வஞ்சகமில்லாத சிரிப்பு. மீன்கடைப் பெடியனுக்கும் மருந்து கொண்டுவருகிறவனுக்கும் சிரிக்கிற அதே சிரிப்பு.

"வாங்கோ அண்ணா" என்றாள். "வீடு இப்ப நல்ல சூடு. கதவைச் சாத்திப்போட்டு வாங்கோ, காத்து வருது."